கிளட்ச் மிதித்தால் நடையில் சேருமா?

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கால் உண்டு என்பதே கல்யாணமாகி இருபது வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை அவருக்கு நாலு சக்கரம்தான். மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குப் போகிற சர்க்கார் பஸ்ஸில் டிரைவர். வேலை இல்லாத நேரத்தில் சைக்கிள். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்கும் தெருமுனை வெற்றிலைக் கடைக்கும் நடுவே ஏழு வீடுதான். அதற்கும் சைக்கிளை எடுப்பார். அவர் பூட்டைத் திறந்து, வண்டியைத் திருப்பி, சீட்டைத் துடைத்து ஏறுவதற்குள் நான் போய் வெற்றிலை வாங்கி, பாதியை மென்று முடித்திருப்பேன்.

வண்டி ஓட்டுவதில் மட்டும் அவரை நான் கேலி செய்ததில்லை. கேலி செய்ய இடம் கொடுத்ததில்லை அவர். செக்கானூரணியில் முட்டைக் கூடையோடு ஏறுகிற ஒரு அம்மா, முன்னால் வருகிற ரெண்டு வண்டியை விட்டுவிட்டு இவர் வண்டிக்காகக் காத்திருப்பாள். கூடையை இன்ஜின் பக்கத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போவாள். மாசமாக இருக்கிற பிள்ளைகளை ஏற்றிவிட வருகிற மாமியார்கள்கூட, டிரைவர் யார் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். பிரேக் போட்டது தெரியாமல் வண்டி நிற்கும். இருபது வருஷத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை.

கெடுத்தது உசிலம்பட்டி வடைதான். பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் காசு வாங்க மாட்டார்கள். அவர்கள் வண்டியை நிறுத்தினால்தானே கடைக்கு ஜனம் இறங்கும். கொடுப்பதை வேண்டாம் என்றால் கடைக்காரர் மனசு சங்கடப்படுமே என்று இவர் டிரிப்புக்கு ரெண்டு வடை சாப்பிட்டார். யார் மனசும் சங்கடப்படாமல் பார்த்துக்கொண்டதில் வயிறு ஸ்டீயரிங்கைத் தொட்டுவிட்டது. வளைவில் திருப்பும்போது காக்கிச் சட்டையின் மூன்றாவது பொத்தான் ஸ்டீயரிங்கில் உரசி உரசித் தேய்ந்துபோகும். மாசத்துக்கு ஒரு பொத்தான் தைப்பேன். நானும் ஒன்றும் கொடி இல்லை. ஆனால் என்னை நம்பி யாரும் அம்பது பேரை ஏற்றிவிடவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. வருஷா வருஷம் டிரைவர்களுக்கு நடக்கிற மெடிக்கலில், டாக்டர் இவரை எடை பார்த்தார், கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார், பேனாவை மூடி வைத்துவிட்டார். ரெண்டு மாசம் தவணை. ஆறு கிலோ குறைய வேண்டும், பிரஷர் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி, டிப்போ ஸ்டோர் ரூமில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னவர், சம்பளம் குறையாது என்றும் சொன்னார். அதை ஆறுதலாகச் சொல்லவில்லை. சாயங்காலம் சோறு வைத்தேன். தட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார், பிறகு நேராக்கினார். எனக்கு வாயில் வந்த கேலி அப்படியே நின்றுபோனது. எனக்கு அது ரொம்ப அபூர்வம்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியிலிருந்து ஒரு சாமானை எடுத்தான். பாக்கெட் கடிகாரம் மாதிரி வட்டமாக, முதுகில் ஒரு கொக்கி. ஜப்பான்காரன் செய்தது. இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் உள்ளே டிக் என்று ஒரு சத்தம், முள் கொஞ்சம் நகரும். ஒரு சுற்று சுற்றினால் பத்தாயிரம் எட்டு. தினமும் ஒரு சுற்று நடந்தால் எப்பேர்ப்பட்ட உடம்பும் இளைக்கும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நட என்று யார் சொன்னாலும் காதில் ஏறாத மனுஷன், முள்ளும் நம்பரும் இருந்ததால் மதித்தார். அதற்கு மீட்டர் என்று பேரும் வைத்தார்.

அதை மாட்டுவதில்தான் முதல் சிக்கல். சிங்கப்பூரில் பெல்ட்டில் மாட்டுவார்களாம். இவர் வீட்டில் இருந்தால் வேட்டி. காக்கி போட்டாலும் பெல்ட் எங்கே இருக்கிறது என்று வயிற்றைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். கடைசியில் அரைஞாண் கயிற்றில் மாட்டினார். வேட்டிக்குள்ளே தொடையில் இடித்து இடித்து அது எட்டுக்கு ரெண்டு டிக் அடித்தது. ராத்திரி பகல் அதைக் கழற்றவில்லை, குளிக்கும்போது தவிர. வீட்டுக்குள் அவர் நடமாடினால் சுவர்க்கோழி புகுந்த மாதிரி இருக்கும்.

அடுத்த சிக்கல் ஊர். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் வேலை இல்லாமல் ஒருவர் நடந்து பார்த்ததில்லை. எதிரே வருகிறவர்கள் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால், வீட்டில் என்ன பிரச்சினை என்று அடுத்த கேள்வி வரும். அதனால் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு போனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். கைக்கு அகப்பட்டது சீமெண்ணெய் டின். காலி டின்தான். கொடுத்து அனுப்பினேன்.

விடிந்தும் விடியாத நேரம். காக்கிக்காரர் ஒருவர் கையில் சீமெண்ணெய் டின்னோடு வேகமாக நடக்கிறார். பார்த்த ஜனம் என்ன நினைக்கும்? ரேஷன் கடையில் சீமெண்ணெய் வந்துவிட்டது, டிரைவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த வீட்டு அக்கா டின்னை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. தெரு திரும்பும்போது பதினைந்து டின் அவர் பின்னால் கடகடவென்று வந்ததாம். ரேஷன் கடை பூட்டிக் கிடந்தது. இவர் நிற்காமல் நடந்தார். சரி, வேறு கடையில் ஊற்றுகிறார்கள் போல என்று அவர்களும் நடந்தார்கள். இவர் வெட்கப்பட்டு வேகத்தைக் கூட்டினார். இவர் முந்திவிடப் பார்க்கிறார் என்று அவர்கள் ஓடவே ஆரம்பித்தார்கள். அன்று காலை பழங்காநத்தத்தில் இளைத்தவர்கள் அதிகம்.

கடைசியில் மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வீட்டு அக்கா கேட்டாள்.

"அண்ணே, எங்கண்ணே ஊத்துறாக?"

"எங்கயும் ஊத்தலத்தா. தொந்தி குறையட்டும்னு நடக்கேன்."

"அப்ப டின்னு எதுக்குண்ணே?"

"அத வீட்ல இருக்கவகிட்ட கேளு."

பதினைந்து பேரும் என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அத்தோடு தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. டிரைவர் ரெண்டு மாசத்தில் இளைக்கவில்லை என்றால் வண்டி போய்விடும் என்று பால்காரர் வரைக்கும் பேச்சு. விறகுக்கடை அண்ணாச்சி, அவ்வப்போது என் தராசில் வந்து உட்காருங்கள் என்று தானாகவே சொல்லி அனுப்பினார். உத்தரத்தில் சங்கிலியில் தொங்குகிற பெரிய தராசு. விறகு வைக்கிற தட்டில் இவர் குத்துக்காலிட்டு உட்கார, மறு தட்டில் அண்ணாச்சி படிக்கல்லை ஒவ்வொன்றாக அடுக்கினார். முள் நேராக நின்றதும் என்னென்ன கல் என்று சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வைத்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. காலையில் டின் இல்லாமல் தெருவை ரெண்டு சுற்று சுற்றுவார். முள் அப்போது கொஞ்சம்தான் நகர்ந்திருக்கும். டியூட்டிக்குப் போய்விட்டு சாயங்காலம் வந்து, வேட்டிக்குள் கையை விட்டு மீட்டரை எடுத்துக் காட்டுவார். ஒரு சுற்று முடிந்து ரெண்டாவது சுற்றும் ஓடியிருக்கும். இத்தனை எட்டு எங்கே நடந்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஏ புள்ள, ஒரு நாளைக்கு நான் எம்புட்டு தடவ கிளட்ச்ச மிதிக்கேன்னு உனக்குத் தெரியுமா? அதும் எட்டுதான். காலு வேலை செய்யுதுல்ல."

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஜப்பான்காரன் கணக்கை நான் எப்படித் தப்பு என்பது? கிளட்ச் இடது கால்தானே, அப்படியானால் இடது கால் மட்டும்தானே இளைக்கும் என்று மட்டும் கேட்டு வைத்தேன். அவர் நிஜமாகவே ரெண்டு காலையும் நீட்டி வைத்துப் பார்த்தார். இடது கால் கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்றும் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில், அதிகம் நடந்தாயிற்று என்று ராத்திரிக்கு ரெண்டு தோசை கூடுதலாகக் கேட்டார்.

ஒரு மாசம் கழித்து அண்ணாச்சி கடைக்குப் போனோம். தட்டில் ஏறினார். அண்ணாச்சி சுவரைப் பார்த்து அதே கற்களை அடுக்கினார். முள் நேராகவில்லை. சங்கடத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, ஒரு அரைக்கிலோ கல்லையும் எடுத்து வைத்தார். நேராகிவிட்டது. கூடியிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. இவர் தட்டிலிருந்து இறங்கி, தராசுச் சங்கிலியில் தூசி இருக்கிறது என்றார். இருக்கும் என்றார் அண்ணாச்சி.

எனக்குத் தராசு மேல் சந்தேகம் இல்லை. மீட்டர் மேல்தான். மறுநாள் காலை, உசிலம்பட்டியில் என் சின்னம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன், மீட்டரை இன்று ஒருநாள் நான் கட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். நீயும் இளைக்கப் போகிறாயா என்று சிரித்தபடி கொடுத்தார். கொசுவத்துக்குள் செருகிக்கொண்டு அவர் வண்டியிலேயே ஏறினேன். இன்ஜினுக்குப் பக்கத்தில் பொம்பளைகள் உட்காருகிற முன் சீட். முள்ளைப் பார்த்து வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது. அந்தக் கால பஸ்ஸில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் பல்லு பல்லோடு பேசும். செக்கானூரணி தாண்டியதும் ரோடு வேறு மோசம். என் இடுப்பில் டிக் டிக் டிக் என்று அது நிற்கவே இல்லை. நான் ஒரு எட்டு வைக்கவில்லை. காலை மடக்கி உட்கார்ந்து, முட்டைக்கார அம்மாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தேன்.

உசிலம்பட்டியில் இறங்கியதும் நேராக டீக்கடைக்குப் போனேன். இவர் முதல் வடையை முடித்து ரெண்டாவதைக் கையில் எடுத்திருந்தார். பக்கத்தில் கண்டக்டர். அவர் இவரை அண்ணே என்றும், இவர் அவரை மாப்ள என்றும் கூப்பிட்டுக்கொள்கிற சினேகம். நான் மீட்டரை எடுத்து அவர் கண் முன்னால் பிடித்தேன்.

"உக்காந்துக்கிட்டே இம்புட்டு நடந்து வந்திருக்கேன். காலெல்லாம் வலிக்குதுங்க. நான் கிளட்ச்சும் மிதிக்கல."

கண்டக்டருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. டீயை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் மூக்கு வழியாக வந்துவிட்டது.

"அண்ணே, அப்ப இம்புட்டு நாளா நடந்தது நம்ம வண்டியா?"

இவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. முள்ளைப் பார்த்தார். நிற்கிற வண்டியைப் பார்த்தார். இன்ஜினை அணைக்காமல் விட்டிருந்ததால் அது நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தார். உசிலம்பட்டி டீக்கடையில் வடை திரும்பிப் போனதை முதன்முதலாகப் பார்த்தவள் நான். கடைக்காரர் வடையில் ஏதும் குறையா என்று பதறிப்போய்க் கேட்டார். குறை என்மேல் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

நான் சின்னம்மா வீட்டுக்குப் போகாமல் அதே வண்டியில் திரும்பினேன்; வழியெல்லாம் அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். கடைக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், கேலி இல்லாமல் சொல்லியிருக்கலாம். ஒரு மாசம் வீணாகிவிட்டது, இன்னும் ஒரு மாசம்தான் இருக்கிறது. மனசு விட்டுப்போய் ஸ்டோர் ரூமே போதும் என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் கண் விழித்தால் பாயில் ஆள் இல்லை. சைக்கிள் பூட்டியபடியே நின்றது. மீட்டர் ஆணியில் தொங்கியது. டின் அடுப்படியில் இருந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில், கையில் ஒன்றும் இல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். எதிரே வந்த பால்காரர் எங்கே என்று கேட்டிருப்பார் போல. இவர் நிற்காமல் வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு அந்த மனுஷன் மேல் அன்றைக்கு வந்த மதிப்பு, இருபது வருஷம் பிரேக் போட்டது தெரியாமல் வண்டி ஓட்டியதற்குக்கூட வந்ததில்லை. ஊர் சிரித்தது, தராசு சிரித்தது, கட்டினவளும் பத்துப் பேர் முன்னால் சிரித்துவிட்டாள். அதற்கு மறுநாளே ஒருத்தர் எழுந்து நடக்கிறார் என்றால் அது லேசில்லை. நானாயிருந்தால் ஒரு வாரம் போர்த்திப் படுத்திருப்பேன்.

அன்றிலிருந்து நானும் கூடப் போனேன். கூட என்றால் பக்கத்தில் இல்லை. அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டி ஜோடியாகத் தெருவில் நடந்தால் சினிமாவுக்கு மட்டும்தான். அவர் முன்னால், நான் பத்து எட்டு பின்னால். அவருக்கு மூச்சு வாங்கினால் நானும் மெதுவாக நடப்பேன், சிரமப்படுவதைப் பார்த்த மாதிரி இருக்கக் கூடாது என்று கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு. நாலாம் நாள் எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் இவரை நிறுத்தி, எம்புட்டு சண்டையா இருந்தாலும் பொம்பளைய இப்படி ஓட விட்டுட்டு முன்னால போகலாமாப்பா என்று கடிந்துகொண்டார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேர்வைதான். பெரியவர் அதையும் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் திட்டினார்.

திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி வருகிற பாதைக்குப் போனதும் தொல்லை விட்டது. அங்கே நடக்கிறவர்களை யாரும் எங்கே என்று கேட்பதில்லை. எல்லாரும் முருகனுக்காக நடக்கிறார்கள். இவரும் நெற்றியில் திருநீற்றைப் பூசிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் கலந்துவிட்டார். முதல் வாரம் பாதிச் சுற்றில் உட்கார்ந்தார். உட்காருகிற கல் ஒவ்வொரு வாரமும் தள்ளித் தள்ளிப் போனது. கடைசி வாரம் கல்லே தேவைப்படவில்லை. நான்தான் இன்னும் கொஞ்சம் உட்காரலாமே என்று கெஞ்சினேன். நான் சோற்றைக் குறைத்து வைத்ததை அவர் கண்டுபிடித்தார், ஆனால் கேட்கவில்லை. மதிய டிரிப்பில் டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ மட்டும். வடையைக் கண்டக்டர் பக்கம் தள்ளிவிடுவாராம். காக்கிச் சட்டையின் மூன்றாவது பொத்தானை அந்த மாசம் நான் தைக்கவில்லை.

மெடிக்கலுக்கு முந்தின நாள் அண்ணாச்சி கடையில் கூட்டம். சீமெண்ணெய்க்கு ஓடிய பதினைந்து பேரும் வந்திருந்தார்கள். இவர் தட்டில் ஏறினதும், சுவரில் குறித்த கற்களை எல்லாம் அடுக்கினார் அண்ணாச்சி. இவர் உட்கார்ந்த தட்டு சரேலென்று மேலே போய்விட்டது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி ரெண்டு கிலோ கல் ஒன்றை எடுத்தார். தட்டு இறங்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். மூன்றாவது ரெண்டு கிலோ கல்லில் கை வைத்தபோது கூட்டம் எட்டிப் பார்த்தது. எடுத்தார். தட்டு மெதுவாக இறங்கி வந்து, முள் நேரைக் கொஞ்சம் தாண்டி நின்றது. இவர் பக்கம் இன்னும் கொஞ்சம் கனம்தான். பரவாயில்லை, காதுல கடுக்கன் இருக்குல்ல என்று அண்ணாச்சி சொன்னார். இவர் கடுக்கன் போட்டதே இல்லை.

மறுநாள் மெடிக்கலுக்குத் தனியாகப் போனார், நடந்துதான். நான் உலை வைத்து, அது கொதித்து அடங்கியும் அரிசி போட மறந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வந்தார். செருப்பைக் கழற்றினார், தண்ணீர் கேட்டார், குடித்தார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று பயம். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு மொத டிரிப்பு. நாலு மணிக்கே எழுப்பிவிடு. நடந்துட்டுப் போகணும்ல."

அதற்குப் பிறகுதான் உலையில் அரிசி போட்டேன். டாக்டர் ரெண்டு தடவை எடை பார்த்தாராம். கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். ஆனால் பிரஷர் இறங்கியிருந்ததால் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டாராம். மலையைச் சுற்றினேன் என்று இவர் சொன்னதும், டாக்டர் தன் வயிற்றை ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டாராம்.

அடுத்த வாரம் நான் சின்னம்மா வீட்டுக்குப் போக அவர் வண்டியில் ஏறினேன். அதே முன் சீட். செக்கானூரணியில் முட்டைக்கார அம்மா ஏறி, கூடையை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். இவர் கை ஸ்டீயரிங்கில் இருந்தது. ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் என் கை தாராளமாகப் போகும். அளந்து பார்க்கத்தான் ஆசை, ஓடுகிற வண்டியில் டிரைவரோடு பேசவே கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

உசிலம்பட்டியில் இறங்கியதும் டீக்கடை. இவருக்குச் சர்க்கரை இல்லாத டீ வந்தது. கடைக்காரர் வழக்கம்போல நாலு வடை வைத்தார். நாலும் கண்டக்டர் பக்கம் போனது. அப்போதுதான் கவனித்தேன். கண்டக்டர் தோளில் தொங்குகிற டிக்கெட் பை, முன்பு இடுப்புக்குப் பக்கவாட்டில் கிடக்கும். இப்போது வயிற்றின் மேல் ஏறி, மேஜையில் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு மாசமாக இவர் தள்ளிவிட்ட வடையெல்லாம் எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

இவரும் பார்த்தார். காக்கிப் பையில் கையை விட்டு அந்த மீட்டரை எடுத்தார். எப்போது ஆணியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டாரோ தெரியாது. கண்டக்டர் கையில் வைத்தார்.

"இந்தா மாப்ள, கட்டிக்க. வண்டிய விட்டு இறங்கின பெறகு கட்டு."